தண்ணீர் நிறுத்திப் பார்!

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவர்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்பது நம் முன்னோர் வாக்கு. கல்யாணத்தைப் பற்றிப் பேசும் வயதோ தகுதியோ இருபது வயது மாணவனாகிய எனக்கு இல்லை. ஆனால் கட்டுவதைப் பற்றிச் சிறிது பேசலாம். ஏனென்றால் என் தந்தை கொத்தனார். விடுமுறை நாட்களில் அவருக்குக் கையாளாகக் கலவை சுமந்தவன் நான். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆளும் நானே. ஆயினும் இக்கட்டுரையில் நான் சொல்லப் போவது செங்கல் வீட்டைப் பற்றியன்று. ஒரு மெமரி கார்டுக்குள் நான் கட்டி, திறப்பு நாளன்றே இடிந்து விழுந்த ஒன்றைப் பற்றித்தான்.

சீட்டுக்கட்டின் அளவே உள்ள ஒரு பச்சை நிறப் பலகை. அதற்குள் ஒரு முழுக் கணிப்பொறி! ராஸ்பெர்ரி பை என்று பெயர். 2012-ஆம் ஆண்டு பிப்ரவரி 29-ஆம் நாள், பள்ளிப் பிள்ளைகள் கணிப்பொறியை அக்குவேறு ஆணிவேறாக அறிய வேண்டும் என்ற நோக்கத்துடன், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரிலிருந்து 35 டாலர் விலையில் வெளியிடப்பட்டது. அதன் மூளையாகிய 'ஆர்ம்' வகைச் சில்லு பிறந்ததும் அதே நகரில்தான். ஏக்கார்ன் என்னும் நிறுவனத்தில் சோபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர் என்ற இருவர் அதை வடிவமைத்தனர். 1985-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாள் முதல் சில்லு வந்து சேர்ந்தது. வந்த அன்றே வேலையும் செய்தது. அது எவ்வளவு மின்னோட்டம் எடுக்கிறது என்று ஃபர்பர் அளந்தபோது, அம்மீட்டர் பூச்சியம் காட்டியதாம்! ஆராய்ந்து பார்த்தால், சோதனைப் பலகையில் சில்லுக்குரிய மின் இணைப்பே இல்லை. மற்றக் கம்பிகள் வழியே கசிந்து வந்த சிறு மின்சாரத்திலேயே அது ஓடிக் கொண்டிருந்தது. "வேலை செய்கிறதே, போதும்" என்று அவர் அளக்காமல் விட்டிருந்தால் இந்த உண்மை வெளிப்பட்டிருக்குமா? இக்கதையை நான் முன்பே படித்திருந்தேன். படித்து என்ன பயன்? பாடம் மட்டும் பிறகுதான் புரிந்தது.

படிப்பு முடித்துச் சென்ற மூத்த மாணவர் ஒருவரிடம், 2016-இல் வெளிவந்த ராஸ்பெர்ரி பை 3 பலகையைப் பழைய விலைக்கு வாங்கினேன். கையாள் வேலைக் கூலியில் சேர்த்த பணம் அது. அதில் உள்ள நினைவகம் 1 ஜிபிதான். எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் மாலை வகுப்பு நடத்தும் அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "தம்பி, நம்ம பிள்ளைங்க கம்ப்யூட்டரைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. படிப்பகத்திலே பழைய டி.வி. ஒண்ணு சும்மா கிடக்கு. இதை அதிலே மாட்டித் தர முடியுமா?" என்று கேட்டார். "ஒரே மாதத்தில் தருகிறேன் அண்ணே" என்றேன். இளங்கன்று பயமறியாது அல்லவா?

இந்தப் பலகையில் வன்தட்டு இல்லை. மெமரி கார்டில் என்ன எழுதித் தருகிறோமோ, அதுவே அதன் அறிவு. அந்தக் கார்டில் எழுதுவதற்காக, எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துச் செய்யும் கோப்புக்குத்தான் இமேஜ் என்று பெயர். ஆயத்தமான இமேஜ்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் எனக்கு வேண்டியது வேறு. திறந்த உடனே தமிழில் தட்டச்சு செய்யும் இடம் வர வேண்டும். இணையம் இல்லாமலே தமிழ் விக்கிப்பீடியாவைப் படிக்க வேண்டும். தேவையற்ற எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. எனவே நானே கட்டத் தொடங்கினேன்.

அவ்வாறு கட்ட எனக்கு உரிமை தந்தது லினக்ஸ். பின்லாந்து நாட்டு ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் அதைத் தொடங்கியபோது அவருக்கு வயது 21. இன்று என்னைவிட ஒரே ஒரு வயது மூத்தவர்! அதன் மூல நிரலை யாரும் எடுக்கலாம், திருத்தலாம், பிறருக்குத் தரலாம். கொத்தனார் மகனிடம் அது காசு கேட்கவில்லை. சாதிச் சான்றிதழும் கேட்கவில்லை.

கட்டும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். என் அத்தை மகன் மேல்நிலைப் பள்ளியில் படித்தபோது பெற்ற அரசின் விலையில்லா மடிக்கணினி ஒன்று என்னிடம் இருக்கிறது. அதில் ஒரு வெற்று அடைவை உருவாக்கி, டெபியன் என்னும் லினக்ஸ் தொகுப்பின் அடிப்படைப் பொதிகளை அதற்குள் இறக்க வேண்டும். செல்போனில் ஒரு நாளைக்குக் கிடைக்கும் இணைய அளவு போதாமல், மூன்று இரவுகள் பங்கிட்டு இறக்கினேன். அங்கே ஒரு சிக்கல். மடிக்கணினியின் சில்லு இன்டெல் வகை. பலகையின் சில்லோ ஆர்ம் வகை. ஒன்றின் கட்டளைகள் மற்றொன்றுக்குப் புரியா. இருவருக்கும் நடுவே 'கியூ-எமு' என்னும் மென்பொருள் மொழிபெயர்ப்பாளராக உட்கார்ந்துகொள்கிறது. ஆர்ம் நிரலின் ஒவ்வொரு கட்டளையையும் இன்டெல் மொழியில் மாற்றிச் சொல்லுகிறது. மொழிபெயர்த்துப் பேசினால் நேரம் ஆகும் அல்லவா? ஒரு சிறு பொதியை நிறுவவும் நெடுநேரம் ஆயிற்று. பாயில் படுத்து, திரையில் ஓடும் எழுத்துகளைப் பார்த்தபடியே தூங்கிப் போன இரவுகள் உண்டு.

பிறகு கார்டை இரண்டு பகுதிகளாகப் பிரிக்க வேண்டும். மின்சாரம் கொடுத்தவுடன் இந்தப் பலகையில் முதலில் விழிப்பது ஆர்ம் சில்லு அன்று. படம் வரையும் பகுதியே முதலில் விழிக்கிறது. அது கார்டின் முதற்பகுதியில் உள்ள தொடக்க நிரல்களைப் படித்து, லினக்ஸின் கருவை நினைவகத்தில் ஏற்றி, அதன் பிறகே ஆர்ம் சில்லை எழுப்புகிறது. கூடவே 'டிவைஸ் ட்ரீ' என்னும் பட்டியலையும் கருவின் கையில் கொடுக்கிறது. எந்த முகவரியில் எந்த உறுப்பு இருக்கிறது என்று சொல்லும் வரைபடம் அது. மேசைக் கணிப்பொறி தன் உறுப்புகளைப் பெரும்பாலும் தானே சொல்லிவிடும். இத்தகைய ஆர்ம் பலகைகள் சொல்லா. ஆகவே ஒரு பலகைக்குச் செய்த இமேஜ் வேறொரு பலகையில் அப்படியே எழும்பும் என்று நம்ப முடியாது. ஒரு மனைக்குப் போட்ட பிளானை அடுத்த மனையில் அப்படியே கட்ட முடியுமா?

முதல் இமேஜை எழுதி வீட்டில் எழுப்பினேன். வானவில் நிறத்தில் ஒரு சதுரம் தோன்றியது. எழுத்துகள் ஓடின. திரை விரிந்தது. ஆனால் தமிழ் இருக்க வேண்டிய இடமெல்லாம் வெறும் கட்டங்கள்! தமிழ் எழுத்துருவைச் சேர்க்க மறந்திருந்தேன். சேர்த்து, மீண்டும் எழுதி, மீண்டும் எழுப்பினேன். அம்மாவின் பெயரைத் தமிழ்99 விசைமுறையில் தட்டிக் காட்டியபோது, அம்மா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு திரையைத் தொட்டுப் பார்த்தார். அதற்கு மேல் என்ன சோதனை வேண்டும் என்று எண்ணினேன். மூன்று முறை எழுப்பிப் பார்த்தேன். மூன்று முறையும் எழும்பியது. "எல்லாம் சோதித்துவிட்டேன், சரியாக இருக்கிறது" என்று அண்ணனுக்குச் செய்தி அனுப்பினேன்.

அந்த ஒரு வரிதான் என் குற்றம்.

ஒரு சனிக்கிழமை மாலை திறப்பு. ஏறத்தாழ நாற்பது பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருந்தனர். அப்பா அன்று வேலைக்குப் போகவில்லை. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, வெளுத்த சட்டை அணிந்து பின்வரிசையில் நின்றார். நான் விசையைத் தட்டினேன். வானவில் தோன்றியது, எழுத்துகள் ஓடின, திரையின் மூலையில் மஞ்சள் நிற மின்னல் குறி ஒன்று எட்டிப் பார்த்தது. திரை விரியும் நேரத்தில் எல்லாம் அணைந்து, மறுபடி வானவில்! பிள்ளைகள் கைதட்டினார்கள். அதுதான் காட்சி என்று எண்ணினார்கள் போலும். மூன்றாம் முறை வானவில் வந்தபோது கைதட்டல் நின்றது. நான்காம் முறை பாதியில் ஊரிலேயே மின்சாரம் போய்விட்டது. கால் மணி கழித்து வந்தபோது, மூல அடைவை ஏற்ற முடியவில்லை என்ற ஆங்கில வரியுடன் திரை உறைந்து நின்றது.

முன்வரிசையில் இருந்த சிறுமி ஒருத்தி, "அண்ணே, நாளைக்கு வரணுமா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. அண்ணன்தான் சிரித்துக்கொண்டே பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்து அனுப்பினார். யாரும் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

இரவு வீட்டுத் திண்ணையில் அப்பா பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு கேட்டார்:

"தம்பி, வீட்டிலே ஓடிச்சில்ல?"

"ஓடிச்சுப்பா."

"இதே சார்ஜர்தானா?"

நான் திடுக்கிட்டேன். இல்லை! வீட்டில் ஓட்டியது விடுதி நண்பனிடம் இரவல் வாங்கிய நல்ல சார்ஜர். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கடையில் மலிவாக வாங்கிய செல்போன் சார்ஜரைப் படிப்பகத்துக்குக் கொண்டுபோயிருந்தேன். சோதித்தது ஒன்று, கொடுத்தது வேறொன்று.

அப்பா சொன்னார்: "தண்ணித் தொட்டி கட்டி, பூச்சு முடிஞ்சு, காய்ஞ்ச பிறகு என்ன செய்வோம்? ரொம்பத் தண்ணி நிறுத்தி, கோடு போட்டு வச்சிட்டு வந்துருவோம். அப்புறம் போய்ப் பார்த்தாத்தான் தெரியும், கோடு இறங்கியிருக்கா இல்லையான்னு. கட்டினவன் கண்ணுக்கு ஓட்டை தெரியாதுப்பா. தண்ணிக்குத் தெரியும்."

அப்பா ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர். அன்று அவர் எனக்கு ஆசிரியர்.

திங்கட்கிழமை எங்கள் துறைப் பேராசிரியரிடம் நடந்ததைச் சொல்லி, ஆய்வகத்து மல்டிமீட்டரைப் பயன்படுத்த அனுமதி பெற்றேன். மலிவுச் சார்ஜரின் முனையில் 5 வோல்ட் இருந்தது. பலகையின் ஊசிகளில் அளந்தால் 4.5 வோல்ட்தான். இந்தப் பலகையில் மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால்தான் அந்த மின்னல் குறி தோன்றும். பலகை எச்சரித்திருக்கிறது, எனக்குத்தான் அதன் மொழி தெரியவில்லை! காணாமற்போன அரை வோல்ட் எங்கே? மெல்லிய கம்பியில். ஓர் ஆம்பியர் மின்னோட்டம் ஓடும்போது அரை வோல்ட் குறைந்தால், கம்பியின் தடை அரை ஓம். முதலாண்டில் ஓம் விதிச் சோதனையைச் செய்து, ரெக்கார்டு நோட்டில் அழகாகப் படம் வரைந்து, கையொப்பமும் வாங்கியவன் நான். அந்த விதி என் சட்டைப் பையிலிருந்த கம்பிக்கும் பொருந்தும் என்று ஒரு நாளும் நினைக்கவில்லை. 5.1 வோல்ட், 2.5 ஆம்பியர் தரும் உரிய மின்வழங்கியை வாங்கினேன். மின்னல் குறி மறைந்தது.

ஆனால் ஊரின் மின்தடையை நான் மாற்ற முடியுமா? முடியாது. ஆகவே இமேஜைத்தான் மாற்ற வேண்டும். கார்டில் எழுதிக் கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால், பாதி எழுதிய வரி போல அடைவுகள் சிதைந்துபோகும். எனவே அடிப்படைப் பகுதியைப் படிக்க மட்டும் முடியும்படி பூட்டினேன். மேலே எழுதப்படும் அனைத்தும் நினைவகத்தில் மட்டும் நிற்கும். சுவரில் எழுதாமல், சுவரில் ஒட்டிய தாளில் எழுதுவது போல. மின்சாரம் போனால் தாள் போகும்; சுவர் நிற்கும். பிள்ளைகள் எழுதியவற்றைச் சேமிக்க மட்டும் மூன்றாவதாக ஒரு சிறு பகுதியை ஒதுக்கினேன்.

இம்முறை "சரியாக இருக்கிறது" என்று நான் சொல்லவில்லை. ஒரு புதிய ரெக்கார்டு நோட்டை எடுத்து, நோக்கம், தேவையான கருவிகள், செய்முறை, காட்சிப் பதிவு என்று தலைப்பிட்டேன். எழும்பும் வேளையில், எழும்பிய பின், ஒரு கோப்பைச் சேமிக்கும் அதே நொடியில் என்று மாற்றி மாற்றி ஐம்பது முறை மின்சாரத்தைப் பிடுங்குவது என்பதே செய்முறை. பலகையிலிருந்து மூன்று கம்பிகளை எடுத்து, 3.3 வோல்ட் தாங்கும் இணைப்பி மூலம் மடிக்கணினியில் மாட்டிக்கொண்டேன். நொடிக்கு 1,15,200 பிட் வேகத்தில், திரை வருவதற்கு முன்பே பலகை பேசுவதையெல்லாம் அதில் படிக்கலாம். நோயாளி பேசத் தொடங்கிவிட்டால் வைத்தியம் எளிது.

பன்னிரண்டு முறை நன்றாக எழும்பியது. பதின்மூன்றாம் முறை நின்றுவிட்டது! மூன்றாம் பகுதி சிதைந்திருந்தது. அதை ஏற்ற முடியாததால், நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்டுக்கொண்டு பலகை காத்திருந்தது. பிள்ளைகள் மட்டும் இருக்கும் அறையில் அதற்கு யார் பதில் சொல்வது? பழுது இருந்தால் தானே சரிபார்த்துக்கொள், முடியாவிட்டால் அந்தப் பகுதியை விட்டுவிட்டு மேலே செல் என்று திருத்தினேன். திருத்திய பிறகு பதின்மூன்றிலிருந்து தொடர்ந்தேனா? ஆசைதான். ஆனால் திருத்தியது புதிய தொட்டி அல்லவா? கோட்டை அழித்து, மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினேன்.

இடையே வேறு சில ஓட்டைகளும் வெளிப்பட்டன. பலகையில் மின்கலத்தோடு கூடிய கடிகாரம் இல்லை. இணையமும் இல்லாத படிப்பகத்தில் அது தேதியைத் தவறாகவே காட்டும். எனவே திரையிலிருந்து தேதியை நீக்கினேன். தவறான தேதியைவிடத் தேதி இல்லாமை மேல். உதிரியாக வாங்கிய இன்னொரு 16 ஜிபி கார்டில் இமேஜ் அடங்கவில்லை. ஒரே அளவு என்று விற்கப்படும் கார்டுகளுக்குள்ளும் சிறு வேறுபாடு உண்டு. இமேஜைச் சுருக்கினேன். படிப்பகத்தின் கூரையோ தகரம். சில்லின் வெப்பம் 80 பாகை செல்சியசை எட்டினால் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆகவே ஒரு நண்பகல் முழுவதும் அங்கேயே ஓடவிட்டு வெப்பத்தைக் குறித்தேன். பலகையை மூடிய பெட்டியிலிருந்து எடுத்துக் காற்றுப்படும் இடத்தில் பொருத்தினேன். ஐம்பதாவது முறையும் எழும்பியபோது இரவு மணி ஒன்றே கால். எழுப்பிச் சொல்ல ஆள் இல்லை. நோட்டில் கோடு போட்டேன், படுத்துவிட்டேன்.

இரண்டாம் முறை விழா இல்லை, மிட்டாய் இல்லை. ஒரு புதன்கிழமை மாலை, வழக்கமான வகுப்பு நேரம். அப்பா வேலையிலிருந்து நேரே வந்தார். கையில் சிமெண்டுத் தூசி. திரை விரிந்து, பிள்ளைகள் தட்டச்சு செய்யத் தொடங்கினார்கள். "நாளைக்கு வரணுமா?" என்று அன்று கேட்ட சிறுமி, ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தன் பெயரை அடித்துக் கொண்டிருந்தாள். சேமிக்கச் சொல்லிக் கொடுத்தேன். சேமிக்காத வரியை மின்தடையிலிருந்து காக்க என்னால் இன்றும் முடியவில்லை என்பதையும் அண்ணனிடம் வெளிப்படையாகச் சொல்லியிருந்தேன்.

அப்பா கதவோரம் நின்று, மின்பெட்டியைக் காட்டிக் கேட்டார்: "மெயினை இறக்கிப் பார்க்கட்டுமா?"

நெஞ்சு ஒரு கணம் அடித்துக்கொண்டது. "இறக்குங்கப்பா" என்றேன்.

அறை இருண்டது. பிள்ளைகள் கூச்சலிட்டனர். அப்பா பத்து எண்ணிவிட்டு மெயினை ஏற்றினார். வானவில் தோன்றியது, எழுத்துகள் ஓடின, திரை விரிந்தது. சிறுமி தன் கோப்பைத் திறந்தாள். அவள் பெயர் அங்கேயே இருந்தது.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. தொட்டியில் போட்ட கோடு இறங்காதிருந்தால் எப்படித் தலையசைப்பாரோ, அப்படி ஒரு முறை தலையசைத்தார். இரண்டு ஆண்டுகளில் நான் பெற்ற மதிப்பெண்களுள் அதுவே பெரிது.

அன்பு மாணவ நண்பர்களே! நாம் பலர் முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்கள். நாம் "சரி" என்று சொன்னால், நம் வீட்டாரும் ஊராரும் அப்படியே நம்பிவிடுகிறார்கள். திருப்பிக் கேட்க அவர்களுக்குத் தெரியாது என்று நாமும் எண்ணிக்கொள்கிறோம். அந்த நம்பிக்கைதான் நம் கையில் இருக்கும் மிக விலை உயர்ந்த பொருள். ஆய்வகக் கணக்கானாலும் கணிப்பொறி இமேஜானாலும், அது வாழப் போகும் இடத்தில், அங்கே கிடைக்கும் மின்சாரத்தில், அதைக் கையாளப் போகிறவர்களின் முன்னே ஒரு முறை தண்ணீர் நிறுத்திப் பாருங்கள். கோடு இறங்கினால் வெட்கப்பட வேண்டாம். அழித்துவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்குங்கள்.